பள்ளிப் பேருந்தை வீடாக்குதல்: உள்ளமைப்புத் திட்டம்

ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்தின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே படுக்கை, சமையலறை, குளியலறை ஆகியவற்றை அமைத்து, அதிலேயே தங்கிப் பயணம் செய்யும் வழக்கம் அமெரிக்காவில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளது. இப்படி வீடான பேருந்தை அங்கே ‘ஸ்கூலி’ என்பார்கள். எதை எங்கே வைப்பது, எதை வைக்கவே கூடாது என்பவற்றை ஒரு பலகையை அறுப்பதற்கு முன்பே தீர்மானிப்பதுதான் உள்ளமைப்புத் திட்டம்.

வீடு கட்டுபவர் காலி மனையில் முளையடித்துத் தொடங்குகிறார். பேருந்தை வாங்கியவருக்கு அந்த வசதி இல்லை. கதவுகள், சன்னல்கள், சக்கரக் கூடுகள், அச்சுகள், எரிபொருள் தொட்டி எல்லாம் அவருக்கு முன்பே இடம்பிடித்துவிட்டன. நகர்த்த முடியாத இவற்றை முதலில் தாளில் குறித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் இடத்தில்தான் தம் ஆசைகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும். பாதி வேலையில் பிரித்து மறுபடி கட்டப்படும் உள்ளமைப்புகளில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவையே.

வரலாறு

பேருந்தில் குடியிருக்கும் எண்ணம் பழையது. 1915-இல் ரோலண்ட் காங்க்லின் என்ற தொழிலதிபர் தம் பேருந்து நிறுவனத்திலேயே ஒரு பெரிய வண்டியைக் கட்டச்செய்து, குடும்பத்துடன் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டார். ‘ஜிப்சி வேன்’ என்று அழைக்கப்பட்ட அந்த வண்டிக்குள் சமையலறையும் படுக்கைகளும் இருந்தன. ஆனால் அது செல்வந்தரின் முயற்சி. எளியவர்களின் கைக்கு இந்தக் கலை வந்து சேர, மலிவாகக் கிடைக்கும் பழைய பேருந்து வேண்டியிருந்தது.

அதற்கு வழிவகுத்தது 1939-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாடு. பள்ளிப் பேருந்துக்கான 44 தர அளவுகளை அது வகுத்தது. எல்லாருக்கும் நினைவிருப்பது அங்கே முடிவான மஞ்சள் நிறம். வீடாக்குபவருக்கு முக்கியமானதோ, பேருந்து உடல்களை ஒரே போக்குக்குக் கொண்டுவந்த அளவுகள். ஒருவர் தம் வண்டியில் கற்றது, இன்னொரு மாநிலத்தில் வேறு நிறுவனத்தின் பேருந்தை வாங்கியவருக்கும் பெருமளவு பொருந்துகிறது என்றால் அதற்கு இந்தத் தரப்படுத்தல்தான் காரணம். பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஓடியபின் பள்ளி மாவட்டங்கள் இவற்றை ஏலத்தில் விற்றுவிடுகின்றன.

ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் வேலி நகரிலுள்ள புளூ பேர்ட் நிறுவனம், தான் கட்டிவந்த பள்ளிப் பேருந்து உடலையே அடிப்படையாகக் கொண்டு 1963-இல் ஆடம்பர நடமாடும் வீட்டைத் தயாரிக்கத் தொடங்கியது. ‘வாண்டர்லாட்ஜ்’ என்ற பெயரில் அது புகழ்பெற்றது. அடுத்த ஆண்டே எழுத்தாளர் கென் கீசி தம் நண்பர்களுடன் ‘ஃபர்தர்’ என்ற பேருந்தில் கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க்குக்குப் போனார். வண்ணம் பூசப்பட்ட அதன் வெளிப்புறம் உலகறிந்தது. உள்ளமைப்பு அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1939-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் பேருந்தைக் கீசிக்கு விற்றவர், தம் பெரிய குடும்பத்துடன் பயணம் செய்வதற்காக அடுக்குப் படுக்கைகளையும் சமையல் வசதியையும் அதில் ஏற்கெனவே அமைத்திருந்தார். கலகக்காரர்களின் சின்னமாக மாறிய பேருந்தின் உள்ளே இருந்தது, பல பிள்ளைகள் பெற்ற ஒரு தகப்பன் போட்ட திட்டம்.

1970-இல் ஸ்டீபன் காஸ்கினைப் பின்பற்றியவர்கள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பேருந்து வரிசையாகக் கிளம்பி, மறு ஆண்டு டென்னசி மாநிலத்தில் ‘தி ஃபார்ம்’ என்ற கூட்டுக் குடியிருப்பை நிறுவினார்கள். வீடுகள் எழும்வரை பேருந்துகளே அவர்களுக்கு வீடு. 2013-இல் மினசோட்டா பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர் ஒருவர் முதுகலைப் பட்டத்துக்கான இறுதித் திட்டமாகவே ஒரு பள்ளிப் பேருந்தை மாற்றியமைத்தார். குளியல், அமர்வு, சமையல், உறக்கம் என்று நான்கு பகுதிகளாகப் பிரித்து, அமரும் இடம் தேவைக்கேற்பப் படுக்கையாக விரியும்படி அவர் செய்தது, பின்வந்த பலருக்கு முன்மாதிரி ஆயிற்று.

கூட்டின் அளவுகள்

முழு அளவுப் பள்ளிப் பேருந்தின் வெளி அகலம் 8 அடி. உள்ளே சுவருக்குச் சுவர் ஏறத்தாழ 90 அங்குலம், அதாவது 229 செ.மீ. கிடைக்கும். இருபுறமும் வெப்பக் காப்பும் மரப்பலகையும் சேர்ந்தால் 88 அங்குலம் மிஞ்சும். திட்டத்தில் எழுத வேண்டியது இந்த 88-ஐத்தான். இன்னும் வராத பலகையின் தடிமனைக் கழிக்க மறந்து படுக்கையை அளந்தவர்களுக்கு, அது கடைசி நேரத்தில் உள்ளே நுழையாமல் போயிருக்கிறது.

உயரம் இன்னும் கறாரானது. பழைய வண்டிகளில் நடுவில் 72 அங்குலம் (183 செ.மீ.), உயரம் கூடிய வகைகளில் 77 அல்லது 78 அங்குலம் வரை இருக்கும். தரையில் நுரைப்பலகை, அதன்மேல் பிளைவுட், அதற்கும் மேல் தரை விரிப்பு, மேலே கூரைக் காப்பு என்று மூன்று அங்குலம் போய்விடும். 72 அங்குல வண்டியில் எஞ்சுவது 69, அதாவது 175 செ.மீ. அதைவிட உயரமானவர் அந்த வீட்டில் எப்போதும் குனிந்தே நடப்பார். அந்தக் குறையை உள்ளமைப்பால் சரிக்கட்ட முடியாது. வாங்கும்போதே அளவுநாடாவுடன் போக வேண்டும்.

நீளத்தை அடிக்கணக்கில் பார்ப்பதைவிடச் சன்னல் கணக்கில் பார்ப்பது நல்லது. பேருந்தின் எஃகு வளைவுச் சட்டங்கள் ஒரு சுவரடியில் எழும்பிக் கூரையைச் சுற்றி மறு சுவரடியில் இறங்குகின்றன. இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு சன்னல். பல உடல்களில் இந்த இடைவெளி ஏறத்தாழ 28 அங்குலம். ஒவ்வொரு பக்கமும் பன்னிரண்டு சன்னல்கள் இருந்தால் 28 அடி நீளம், ஏறக்குறைய 200 சதுர அடிப் பரப்பு. தடுப்புச் சுவர்கள் சட்டத்தோடு சேர்ந்து நின்றால் திருகாணி இரும்பைப் பிடிக்கும். சன்னல் கண்ணாடிக்கு நடுவே நின்றால் வெளியே இருந்து பார்க்கவும் அசிங்கம், உள்ளே பொருத்தவும் வலுவில்லை. கூரை விசிறிக்கான 14 அங்குலச் சதுரத் துளையும் சட்டங்களுக்கு நடுவில்தான் விழ வேண்டும்.

சக்கரக் கூடுகள் தரையிலிருந்து மேடாக எழும்பி நிற்பவை. கட்டிலுக்கு அடியிலோ, இருக்கைப் பெட்டிக்குள்ளோ, சமையல் மேடையின் கீழோ அவற்றை மறைத்துவிடலாம். நடைவழியிலோ குளியல் தட்டின் கீழோ வந்தால் தொல்லை. மூக்கு நீண்ட வண்டியில் பின்சக்கரக் கூடுகள் மட்டுமே உள்ளே வரும். தட்டை முகப்பு வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் முன்சக்கரக் கூடுகளும் எழும்பும். எஞ்சின் பின்னால் உள்ள வண்டியில் பின்கதவு இருக்காது, அங்கே எஞ்சின் மேடுதான் இருக்கும். படுக்கையை அதன்மேல் வைப்பதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை.

தரைக்குக் கீழே

மேலே வரையும் முன் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். வட அமெரிக்கக் கனரக வண்டிகளின் சேசிஸ் சட்டங்கள் இரண்டும் 34 அங்குல அகலத்தில் இணையாக ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு. ஓரங்களில் பிரேக்குக்கான காற்றுத் தொட்டிகள், புகைக்குழாய், எரிபொருள் தொட்டி, கம்பிக் கட்டுகள். குளியலறை வடிகாலைத் தரையில் எங்கே துளைத்தாலும் நேர் கீழே இவற்றில் ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு. கழுவுநீர் தன் எடையாலேயே கீழே இறங்க வேண்டும் என்பதால் வடிகாலை அங்குமிங்கும் வளைத்துக் கொண்டுபோகவும் முடியாது. கீழே தொட்டி தொங்க இடம் எங்கே இருக்கிறதோ, அதற்கு மேலேதான் குளியலறை.

வெளிச்சம் பிடித்துக்கொண்டு அடியில் கிடந்து, குறுக்குச் சட்டங்களையும் தொட்டிகளையும் அளந்து, அதே வரைபடத்தில் வேறு நிறத்தில் குறித்துக்கொள்பவர்களின் திட்டம் நிலைக்கிறது. அமெரிக்க முகாம் திடல்களில் தண்ணீர், மின், கழிவு இணைப்புகள் வண்டியின் இடப்புறப் பின்பகுதிக்கு நேராக இருப்பது வழக்கம். வாசலோ வலப்புறம் முன்னால். ஈரமான பகுதிகளை இடப்பக்கம் வைத்தால் குழாய் குறைகிறது, வாசல் பக்கம் உட்காரவும் நிழல்துணி விரிக்கவும் இடம் கிடைக்கிறது.

நடைவழி

உள்ளமைப்பின் தலையாய முடிவு நடைவழிதான். கட்டிலோ அடுப்போ எங்கே போகும் என்பது நடைவழி எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்து அமைந்துவிடும்.

கூரை வளைவாக இருப்பதால் நிமிர்ந்து நடக்க முழு உயரம் நடுக்கோட்டில் மட்டுமே கிடைக்கிறது. சுவரோரம் போகப் போகத் தலை இடிக்கும். ஆகவே நடு நடைவழி இயல்பானது. முன்வாசலிலிருந்து பின்கதவுவரை பார்வை தடையில்லாமல் போவதால் குறுகிய வண்டியும் விசாலமாகத் தெரியும். ஓட்டும்போது பின்புறக் கண்ணாடி வழியே வெளியே பார்க்கவும் முடியும். இருபுறமும் 24 அங்குல ஆழத்தில் மேடை போட்டாலும் 88-இல் 40 அங்குலம் நடக்கக் கிடைக்கிறது. ஒருவர் சமைக்கும்போது மற்றவர் அவர் முதுகை உரசாமல் கடந்துபோகலாம்.

நடைவழியை ஒரு சுவரோரம் தள்ளினால் எதிர்ப்பக்கம் ஆழமான அறை கிடைக்கும். முழுமையான குளியலறை வேண்டும் என்பவர்கள் இதைச் செய்கிறார்கள். கூரையை உயர்த்திய வண்டியில் இதற்கு நியாயம் உண்டு. உயர்த்தாத வண்டியில் ஓரமாக நடப்பவர் தலையைச் சாய்த்தபடியே நடப்பார். வழி நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வளைந்து மறுபடி நடுவுக்கு வருவது எல்லாவற்றிலும் மோசம். இருட்டில், புகையில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அந்த வளைவு உயிருக்கே உலை வைக்கும்.

ஒருவர் நடக்க 24 அங்குலம் போதும். இரண்டு பேர் ஒதுங்கிக் கடக்க 30 வேண்டும். அடுப்பறையில் இழுப்பறையும் குளிர்ப்பெட்டிக் கதவும் திறக்கும் வீச்சைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். தாளில் சரியாகத் தெரிவது காலடியில் சரிவராமல் போகும் என்பதால், இருக்கைகளைக் கழற்றிய வெறும் தரையில் ஒட்டுநாடாவால் முழுத் திட்டத்தையும் கோடு போட்டு, அட்டைப்பெட்டிகளை மேடையும் கட்டிலுமாக அடுக்கி, குடியிருக்கப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் அதற்குள் நடமாடிப் பார்ப்பது ஸ்கூலிக்காரர்களிடையே நிலைபெற்ற வழக்கம். செலவில்லாத இந்தச் சோதனைக்கு ஈடான கணினி வரைபடம் இல்லை.

28 அடி வண்டியில் இருவருக்கான ஒரு பங்கீட்டைப் பார்க்கலாம். பின்கோடியில் குறுக்குக் கட்டிலுக்கு 5 அடி, துணி அலமாரிக்கு 2, குளியலுக்கு 3, சமையலுக்கு 8, அமரும் இடத்துக்கு 7, வாசலருகே செருப்பும் மேல்சட்டையும் வைக்க 3. கூட்டினால் மிச்சமே இல்லை. அலமாரியை ஓரடி பெரிதாக்க நினைப்பவர் சமையலிலோ அமர்விலோ ஓரடியைக் கொடுத்தாக வேண்டும்.

படுக்கை

அமெரிக்காவில் இருவருக்கான ‘குயின்’ மெத்தை 60க்கு 80 அங்குலம். 88 அங்குல அகலத்தில் அது குறுக்காகப் படுத்துவிடும். வண்டியின் நீளத்தில் 5 அடியே செலவாகும். மேடையை உயர்த்தினால் கட்டிலுக்கு அடியில் பின்கதவு வழியே திறக்கும் பெரிய கிடங்கு கிடைக்கிறது. கருவிகள், மிதிவண்டி, தண்ணீர்த் தொட்டி, மின்கலம் எல்லாம் அதற்குள் போகும். குறை என்னவென்றால் உள்பக்கம் படுத்தவர் இரவில் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். அதே மெத்தையை நீளவாக்கில் போட்டால் பக்கத்தில் 28 அங்குலம் நடக்கக் கிடைக்கும், இறங்குவது எளிது. ஆனால் வண்டி நீளத்தில் கிட்டத்தட்ட ஏழடி போய்விடும். முதுமை, கர்ப்பம், மூட்டுவலி இருக்கும் வீட்டில் அந்த இரண்டடியை விட்டுக்கொடுப்பதே சரி.

குழந்தைகளுக்கு அடுக்குப் படுக்கை நடுப்பகுதியில் வருகிறது. ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு சன்னல் சேர்வது நல்லது. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அப்பால், அந்தச் சன்னல் குழந்தையின் தனியிடம் ஆகிவிடுகிறது. இருக்கையே இரவில் படுக்கையாக விரியும் ஏற்பாடு விருந்தினருக்குச் சரி. அன்றாடம் படுப்பவருக்கு அது சுமை. சில வாரங்களில் விரித்தது விரித்தபடியே கிடக்கும்.

சமையலும் குளியலும்

சமையல் மேடை வீட்டிலுள்ளது போலவே 36 அங்குல உயரம் இருக்கலாம். சன்னலின் அடிவிளிம்பு அதைவிடத் தாழ்வாக இருந்தால் மேடை கண்ணாடியை மறைத்து நிற்கும். இடுக்கில் விழுந்ததை எடுக்க முடியாது. இந்த ஓரங்குலச் சிக்கலை முன்பே அளந்து தீர்க்க வேண்டும். அடுப்பை வாசலை ஒட்டி வைக்கக் கூடாது. தீ அங்கேதான் பிடிக்கும், தப்பியோடும் வழியும் அதுவாகவே இருந்துவிடும். விறகு அடுப்புக்கும் இதே விதி. அதோடு, அதைச் சுற்றிச் சூடு தாக்காத இடைவெளி விட வேண்டியிருப்பதால், சின்னஞ்சிறு விறகு அடுப்பும் ஒரு நாற்காலி இடத்தை விழுங்கும். அம்மோனியாவை உறிஞ்சு முறையில் பயன்படுத்தும் வாயுக் குளிர்ப்பெட்டிக்கு வண்டி சமமாக நிற்க வேண்டும், வெளிச்சுவரில் காற்றுத் துளையும் வேண்டும். 12 வோல்ட் மின் குளிர்ப்பெட்டிக்கு இந்தத் தளைகள் இல்லை.

குளியலறையைச் சமையலறைக்கு முதுகொட்டி வைத்தால் ஒரே சுவரில் எல்லாக் குழாய்களும் அடங்கும். குளிர் மாநிலங்களில் குழாய்களைத் தரைக்கு மேலே, வெப்பக் காப்புக்கு உட்புறமாகவே கொண்டுபோக வேண்டும். ஒரே இரவு உறைபனி போதும், நீர் உறைந்து குழாய் வெடிக்க. நடைவழியின் ஒரு பக்கம் குளியல், மறுபக்கம் கழிப்பறை, இரண்டுக்கும் பொதுவாக முன்னும் பின்னும் கதவு என்பது பலர் விரும்பும் அமைப்பு. கதவுகளைச் சாத்தினால் நடைவழியே குளியலறையின் தரையாகிவிடும், திறந்தால் வழியாகிவிடும். ஒருவர் உள்ளே இருக்கும்போது பின்னறையில் உறங்குபவர் முன்னால் வர முடியாது என்பதே அதன் விலை.

கழிப்பறையில் இரண்டு வழிகள். மலநீரைத் தொட்டியில் சேர்த்துக் கழிவு இறக்கும் நிலையத்தில் விடுவது ஒன்று. சிறுநீரையும் மலத்தையும் பிரித்து, மலத்தை மரத்தூள், தேங்காய்நார்த் தூள் போன்றவற்றோடு உலரவைப்பது மற்றொன்று. இரண்டாவது தண்ணீரையும் தொட்டியையும் மிச்சப்படுத்துவதால் சின்ன வண்டிக்குப் பொருத்தம். ஆனால் வெளியே காற்றை இழுக்கும் சிறு விசிறிக் குழாய்க்கும், கலத்தை வெளியே எடுத்துப்போகும் வழிக்கும் திட்டத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும்.

எடை

வரைபடத்தில் தெரியாத ஒன்று எடை. அதனால்தான் பலர் அதைக் கடைசியில் நினைக்கிறார்கள். உள்ளமைப்பு என்பதே எடைப் பங்கீடுதான் என்று சொன்னாலும் தவறில்லை.

ஒவ்வொரு பேருந்திலும் ஓட்டுநர் பக்கத்தில் ஒரு தகடு இருக்கும். முழு வண்டிக்கும் ஒவ்வோர் அச்சுக்கும் தாங்கக்கூடிய உச்ச எடை அதில் பொறித்திருக்கும். முழு வண்டி எடை அந்த எல்லைக்குள் இருந்தும் ஓர் அச்சு மட்டும் மீறியிருக்கலாம். காலி வண்டியை, இருக்கைகளைக் கழற்றியதும், லாரி எடைமேடையில் அச்சு அச்சாக நிறுத்திப் பார்ப்பது முதல் வேலை. பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் இடமும் எடையும் குறித்த அட்டவணை.

தண்ணீர்தான் பெரிய கனம். 100 காலன் என்பது 380 லிட்டர், அதாவது 380 கிலோ. இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 6.5 மீட்டர் என்றும், தொட்டி பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் கட்டிலடியில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நெம்புகோல் கணக்குப்படி முன் அச்சு 117 கிலோ இலகுவாகிறது. பின் அச்சு சுமப்பது 380 அல்ல, 497 கிலோ. முன்சக்கரம் இலகுவானால் திருப்பும்போது பிடிப்புக் குறையும். ஈரச் சாலையில் அது ஆபத்து. அதே தொட்டியை இரு அச்சுகளுக்கும் நடுவே வைத்தால் இந்தக் கேடு இல்லை. கட்டிலடிக் கிடங்கில் கனமானதையெல்லாம் திணிக்கும் வழக்கத்தை ஏன் கைவிட வேண்டும் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இடம் வலமும் அப்படியே. குளிர்ப்பெட்டி, அடுப்பு, அலமாரிகள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்தால் எதிர்ப்பக்கம் மின்கலமும் தண்ணீரும் போக வேண்டும். ஆனால் தண்ணீர் தீர்ந்துபோகும் எடை. நிரம்பிய தொட்டியோடும் காலித் தொட்டியோடும் சமநிலை தாங்குமா என்று இரண்டு நிலைகளையும் பார்க்க வேண்டும். சமைத்துக் குளித்து முடிந்ததும் நன்னீர்த் தொட்டியின் எடை கழுவுநீர்த் தொட்டிக்கு இடம்மாறுகிறது என்பதால் இரண்டையும் அருகருகே வைப்பது புத்திசாலித்தனம். கனமானவை தாழ்வாகவும், மேல் அலமாரிகளில் துணி, பஞ்சு போன்றவை மட்டும் இருக்கவும் வேண்டும். வளைவில் வண்டி சாயும் அளவு அதைப் பொறுத்தது.

மின்சாரம், வாயு, காற்று

மின்கலமும் இன்வெர்ட்டரும் அருகருகே இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் 1,200 வாட் எடுத்தால் கம்பியில் 100 ஆம்பியர் பாய்கிறது. கம்பி நீண்டால் சூடாகும், வீணாகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும் என்பதால் அதற்கு வீட்டுக்குள்ளேயே இடம் கொடுக்கிறார்கள். ஈயமின்கலம் ஹைட்ரஜனை வெளிவிடும்; காற்றோட்டமுள்ள, வீட்டிலிருந்து அடைத்துப் பிரித்த பெட்டி அதற்கு வேண்டும்.

புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே உருளைகள் வீட்டுக்குள் வாயு புகாதபடி அடைத்து, அடிப்பக்கம் வெளியே திறக்கும் பெட்டியில் இருக்க வேண்டும். வாயுக் கசிவைக் காட்டும் கருவியைத் தரையோரம் வைக்க வேண்டும். புகைக் கருவி கூரையில். கார்பன் மோனாக்சைடு கருவி உறங்குமிடத்தில்.

மூடிய எஃகுக் கூட்டுக்குள் மனிதர் விடும் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த சட்டங்களில் படிந்து நீராகச் சொட்டும். பிறகு துரு, பூஞ்சை. ஆகவே வெப்பக் காப்பு, சட்டங்களின் முகப்பையும் மூட வேண்டும். சமையல் மேடைக்கு மேல் ஒரு கூரை விசிறி, படுக்கைக்கு மேல் மற்றொன்று என்றால் ஒன்று இழுக்க மற்றொன்று தர, காற்று நீளவாட்டில் ஓடும். கூரையில் சூரியத் தகடுகளும் இடம் கேட்கும் என்பதால் கூரைக்கும் தனி வரைபடம் தேவை.

தப்பும் வழியும் பயண இருக்கையும்

பள்ளிப் பேருந்து குழந்தைகளைக் காப்பதற்காகக் கட்டப்பட்டது. பின்கதவு, அவசரச் சன்னல்கள், கூரைத் திறப்புகள் எல்லாம் அதற்காகவே உள்ளன. வீடாக்கும்போது முதலில் பலியாவதும் அவைதான். கட்டில் மேடை பின்கதவை அடைத்துவிடும், அலமாரி அவசரச் சன்னலை மறைத்துவிடும். முன்னால் தீப்பிடித்தால் பின்னறையில் உறங்குபவருக்கு வேறு வாசல் இருந்தே ஆக வேண்டும். நடமாடும் வீடுகளுக்கான அமெரிக்கத் தீயணைப்புத் தரமான என்.எஃப்.பி.ஏ. 1192-உம் முதன்மை வாசலுக்கு அப்பால் மாற்று வழியைக் கேட்கிறது. கட்டிலில் படுத்திருக்கும் நிலையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு கைக்கு எட்டும் தாழ்ப்பாள், குடும்பத்தின் மிகச் சிறிய பிள்ளையாலும் திறக்க முடிந்த தாழ்ப்பாள் வேண்டும். அலமாரிக்காக இதில் விட்டுக்கொடுப்பது மன்னிக்கத் தக்கதல்ல.

ஓடும் வண்டியில் பக்கவாட்டுச் சோபாவில் உட்கார்ந்து போவது பாதுகாப்பில்லை. பயணம் செய்யும் ஒவ்வொருவருக்கும் முன்னோக்கிய இருக்கையும், மரப்பெட்டியில் அல்லாமல் எஃகுக் கட்டமைப்பில் பிணைத்த இடைவாரும் வேண்டும். முன்பகுதியில் பழைய பள்ளி இருக்கை ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்கு அவற்றையே நாற்காலியாக்குவது சிக்கனமான வழி. இடைவார் இல்லாத பழைய இருக்கையானால், வார் தாங்கும்படி கட்டிய இருக்கையாக மாற்றியாக வேண்டும்.

கூரையை உயர்த்துதல்

உயரமானவர்கள், சன்னலுக்கு மேலோ நடுவிலோ வளைவுச் சட்டங்களை அறுத்து, ஓரடி முதல் இரண்டடிவரை கூரையைத் தூக்கி, இடையில் புதிய எஃகை வெல்டிங் செய்கிறார்கள். உள்ளமைப்பில் எல்லாம் மாறிவிடும்: ஓர நடைவழி சாத்தியம், கட்டிலுக்கு அடியில் உயரமான கிடங்கு சாத்தியம். ஆனால் வண்டி கவிழ்ந்தால் நசுங்காமல் தாங்கும்படி வடிவமைத்த கூட்டையே அறுக்கிறோம் என்ற நினைவு வேண்டும். சட்டங்களை இணைக்கும் வேலை தேர்ந்த வெல்டர் கையில்தான் நடக்க வேண்டும். பல மாநிலங்களில் சாலையின் உயர எல்லை 13 அடி 6 அங்குலம். கூரைமேல் தகடும் விசிறியும் சேர்ந்த மொத்த உயரத்தை எழுதி ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டிவைக்க வேண்டும்.

மற்ற பேருந்துகள்

தொலைதூரப் பயணப் பேருந்துகளில் கணக்கு வேறு. எம்.சி.ஐ., பிரெவோ போன்ற நிறுவனங்களின் வண்டிகளில் தரைக்கு அடியில் பெரிய சாமான் அறைகள் உண்டு. தொட்டி, மின்கலம், ஜெனரேட்டர் எல்லாம் கீழே போய்விடுவதால் மேல்தளம் முழுவதும் குடியிருக்கக் கிடைக்கிறது. சின்னப் பள்ளி வேன்களில் நான்கைந்து சன்னல் நீளமே இருக்கும். அங்கே குளியலறையைக் கைவிடுவதே பெரும்பாலோரின் முடிவு.

பதிவு

அமெரிக்கக் கூட்டரசு விதிகள் நடமாடும் வீட்டை ஆறு வசதிகளை வைத்து வரையறுக்கின்றன: சமையல், குளிர்ப்பெட்டி அல்லது பனிப்பெட்டி, தன்னுள்ளே அடங்கிய கழிப்பறை, வெப்பமூட்டும் அல்லது குளிரூட்டும் கருவி, குழாயும் கழுவுதொட்டியும் சேர்ந்த குடிநீர் ஏற்பாடு, தனியான 110–125 வோல்ட் மின்வசதி அல்லது எரிவாயு. இவற்றில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். மாநிலங்கள் இதையொட்டித் தத்தம் விதிகளை வகுத்துள்ளன. படம் எடுத்துக் கொடுத்தால் போதும் என்பவையும் உண்டு, நேரில் சோதிப்பவையும் உண்டு. ஒளிரும் சிவப்பு விளக்குகளையும் நிறுத்தக் கையையும் கழற்றச் சொல்கிறார்கள். பல மாநிலங்களில் பள்ளிப் பேருந்து மஞ்சளை மாற்றி வேறு வண்ணம் பூசவும் வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் விறகு அடுப்பைக் கண்டால் தயங்குவதுண்டு. அடுப்புக்கு வரைபடத்தில் இடம் குறிப்பதற்கு முன் தம் மாநிலத்தின் பதிவு அலுவலகத்தையும் காப்பீட்டாளரையும் கேட்டுக்கொள்பவர்கள், கட்டியதைப் பிரிக்க வேண்டிய நிலைக்கு ஆளாவதில்லை.